செய்தியும் ஏக்கமும்: இரு திரைப்படங்களும் கோவில்பட்டி அவையோரும்

2013ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒருநாள் மாலை, கோவில்பட்டித் திரையரங்கு ஒன்றிலிருந்து மக்கள் வெளியேறிக் கொண்டிருந்தனர். அக்கூட்டத்தில் நாமும் இருந்தோம். நமக்கு முன்னே எம் தெருவைச் சேர்ந்த ஒருவர் தம் பத்து வயது மகனைக் கையில் பிடித்தவாறு நடந்தார். வாயிலில் கடலை மிட்டாய் விற்பவரைத் தாண்டும்போது சிறுவன் தந்தையை அண்ணாந்து நோக்கி, "அத்தா, அவன் மதுரையில எங்க இருந்தான்? நம்ம மாமா வீட்டுப் பக்கத்துலயா?" என்று கேட்டான். தந்தை விடை கூறவில்லை. பிள்ளையின் கையை இன்னும் சற்று இறுகப் பிடித்துக்கொண்டு நடையை விரைவுபடுத்தினார். பின்னால் வந்த நாமும் விடை கூறவில்லை.

பத்து ஆண்டுகள் கழிந்தபின், 2023 ஜூலைத் திங்களில், அதே ஊரில் மற்றொரு படத்தின் முடிவில் வேறு பேச்சைக் கேட்டோம். தீப்பெட்டி ஆபீசு என்று இவ்வூரார் வழங்கும் தொழிற்கூடத்தில் வேலை செய்யும் பெண்கள் நால்வர் சிரித்துக்கொண்டே படியிறங்கினர். அவருள் ஒருத்தி, "சொவரு பேந்து விழுதுல்லா, அது அப்படியே எங்க வீடுதான்க்கா" என்றாள். மூத்தவள் ஒருத்தி, "அப்ப நாமளும் திங்கக்கெழமை ஒரு மனு குடுத்துப் பாப்பமாடி?" என்றாள்.

முதற்படம் ஒற்றர் கதை. இரண்டாவது, மனித ஆற்றலுக்கு மீறிய வீரனின் கதை. முதற்படத்தின் முடிவில் ஒரு குடும்பம் வாய்மூடி நடந்தது. இரண்டாம் படத்தின் முடிவில் நான்கு பெண்கள் வாய்திறந்து பேசினர். இவ்விரு மெய்ப்பாடுகளுக்கும் காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மத்ரஸாவில் ஓதி, அங்கேயே ஓதிக்கொடுக்கும் ஒருவர் திரைப்படத்தைப் பற்றி எழுதலாமா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். படம் பார்ப்பதன் ஆகும் ஆகாமை குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவ்வழக்கைத் தீர்க்க நாம் இங்கே புகவில்லை. ஒருகாலத்தில் இம்மக்கள் விளக்கொளியில் கூடியமர்ந்து படைப்போர்களையும் கிஸ்ஸாக்களையும் இராகத்தோடு படிக்கக் கேட்டனர். இன்று அவர்கள் கூடும் அவை திரையரங்கு. அவை இருக்குமிடத்தை விட்டுவிட்டு அவையறிதல் பேசுவது திறனாய்வாளனுக்கு அழகன்று.

இரு படங்கள்

ஒற்றர் கதை, கமல்ஹாசன் எழுதி இயக்கி நடித்த 'விஸ்வரூபம்'. நியூயார்க் நகரில் கதக் நடனம் பயிற்றும் மென்மையான மனிதர் ஒருவர். அவர்மீது ஐயங்கொண்ட மனைவி, அவரைப் பின்தொடர ஒரு துப்பறிவாளரை அமர்த்துகிறாள். கணவர் ஒரு முஸ்லிம் என்பதே அத்துப்பறிவாளர் முதலில் கண்டறியும் இரகசியம். பின்னர் அவர் இந்திய உளவுத்துறையைச் சேர்ந்தவர் என்பதும், ஆப்கானிஸ்தானத்தில் அல்காயிதாக் கூட்டத்தாருக்குப் பயிற்சியளிப்பவர்போல் புகுந்து உளவறிந்தவர் என்பதும் வெளிப்படுகின்றன. அவருக்கு எதிரி உமர் என்பவன். நியூயார்க்கைக் குண்டினின்றும் காப்பது கதையின் முடிவு. இப்படத்தின் நடன அமைப்புக்காக பிர்ஜு மகராஜ் தேசிய விருது பெற்றார். தொழில் நேர்த்தியில் இது எளிய படம் அன்று.

2013 ஜனவரி 25ஆம் நாள் வெளியாக வேண்டிய இப்படம், தமிழகத்தில் மாவட்ட ஆட்சியர்கள் 144ஆம் பிரிவின்கீழ்ப் பிறப்பித்த ஆணைகளால் தடையுண்டது. முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பே அதற்குக் கூறப்பட்ட காரணம். 29ஆம் நாள் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி தடையை நீக்கினார். மறுநாளே இருவர் ஆயம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. பிப்ரவரி 2ஆம் நாள் அரசின் முன்னிலையில் பேச்சு நிகழ்ந்து, 7 இடங்களில் மாற்றம் செய்யத் தயாரிப்பாளர் இசைய, பிப்ரவரி 7ஆம் நாள் படம் தமிழகத்தில் வெளியாயிற்று.

மற்றொன்று, மடோன் அஸ்வின் இயக்கத்தில் சிவகார்த்திகேயன் நடித்து 2023 ஜூலை 14ஆம் நாள் வெளியான 'மாவீரன்'. நாளிதழ் ஒன்றுக்குப் படக்கதை வரையும் சத்யா, எதிலும் 'போகட்டும்' என்று அடங்கிப்போகும் அச்சமுள்ள இளைஞன். குடிசைப் பகுதியினின்றும் அகற்றப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்பில் வைக்கப்பட்ட ஏழைக் குடும்பங்களுள் அவன் குடும்பமும் ஒன்று. 'மக்கள் மாளிகை' என்னும் பெயருடைய அக்கட்டடத்தின் சுவர்களோ கைபட்டாலே உதிர்கின்றன. தலையில் அடிபட்டபின் அவனுக்கு மட்டும் வானிலிருந்து ஒரு குரல் கேட்கத் தொடங்குகிறது. அக்குரல் அவனை மாவீரன் என்றே கதை சொல்லி, அவன் விரும்பினும் விரும்பாவிடினும் அவனை வீரச் செயல்களில் தள்ளுகிறது. தமிழில் இத்தகைய வீரர் கதையை 2012இல் 'முகமூடி' என்னும் பெயரில் இயக்கிய மிஷ்கின், இப்படத்தில் எதிரியான அமைச்சராக நடித்திருக்கிறார்.

கபரும் இன்ஷாவும்

அறபு அணியிலக்கண நூல்களுள் 'முக்தஸருல் மஆனீ' நம் மத்ரஸாக்களில் ஓதப்பெறுவது. அதனை ஓதத் தொடங்கும் மாணவன் முதன்முதலில் அறியும் பாகுபாடுகளுள் ஒன்று, கூற்றுகள் யாவும் இருவகைப்படும் என்பது. ஒன்று கபர், அஃதாவது செய்தி; மற்றொன்று இன்ஷா. 'இன்னார் வந்தார்' என்பது கபர். அதனைக் கேட்டவன் 'உண்மை' என்றோ 'பொய்' என்றோ கூற இடமுண்டு. 'வா' என்பதும், 'வந்தாயா?' என்பதும், 'வரமாட்டாயா!' என்பதும் இன்ஷா. இவற்றைக் கேட்டு 'பொய் சொல்கிறாய்' என்று எவரும் கூறார். ஏவலும் வினாவும் விளியும் ஏக்கமும் மெய்பொய் என்னும் துலாக்கோலில் ஏறுவன அல்ல.

ஏக்கம் என்பதை அந்நூலார் தமன்னீ என்பர். கைகூடாததை அல்லது கைகூடல் அரியதை விரும்புவது அது. கைகூடக் கூடியதை எதிர்நோக்குவது தரஜ்ஜீ. 'போன ஐப்பசியில் பெய்யாத மழை போன ஐப்பசியிலேயே பெய்திருக்கக் கூடாதா' என்று கரிசல் சம்சாரி பெருமூச்செறிவது தமன்னீ. 'வருகிற ஐப்பசியிலாவது பெய்யுமோ' என்று வானத்தைப் பார்ப்பது தரஜ்ஜீ. முன்னதற்கு லைத்த என்னும் சொல்லையும் பின்னதற்கு லஅல்ல என்னும் சொல்லையும் அறபியர் வழங்குவர்.

இவ்விலக்கணத்தைக் கொண்டு நோக்கின், வீரன் கதை முழுவதும் ஒரு நெடிய தமன்னீ எனலாம். வானிலிருந்து குரல் வாராதா, எளியவன் கையில் வலிமை ஏறாதா என்னும் ஏக்கமே அதன் உயிர். ஆதலின் அதனைப் பார்த்து 'இது பொய்' என்று எழுந்து சென்றவர் ஒருவரையும் நாம் கண்டிலோம். கதைக்குக் காலில்லை என்று கூறும் கரிசல் மக்களுக்கு இவ்வுடன்பாடு புதிதன்று. நம் முன்னோர் 'சக்கூன் படைப்போர்', 'செய்தத்துப் படைப்போர்' முதலியவற்றைக் கேட்டபோதும் ஒரு வாளுக்கு எத்தனை தலை விழுந்தன என்று கணக்குப் பார்க்கவில்லை. (நபிமார்களின் முஃஜிஸாத்துகளை நாம் இவ்வரிசையில் வைக்கவில்லை, அவை நம்பிக்கையின்பாற் பட்டவை. இங்கே பேசப்படுவது புலவர் புனைவு மட்டுமே.)

ஒற்றர் கதையின் நிலை வேறு. அதுவும் புனைவே, ஆயினும் கபரின் உடையை அணிந்துகொண்டு வருகிறது. உண்மையான நாட்டின் பெயர், உண்மையான இயக்கத்தின் பெயர், உண்மையான உளவு நிறுவனத்தின் பெயர் எல்லாம் அதில் உண்டு. இவ்வகைப் படங்களில் திரையின் அடியில் இன்ன நகரம், இன்ன ஆண்டு என்று எழுத்துகள் தோன்றுவதையும் காண்கிறோம். ஹதீஸ் கலையில் ஒரு செய்திக்கு அதனைச் சொன்னவர்களின் தொடராகிய இஸ்னாது வேண்டும். அத்தொடரில் உள்ளவர் ஒவ்வொருவரும் ஆராயப்படுவர். திரைப்படமோ இஸ்னாது போலத் தோன்றும் ஒன்றைக் காட்டிவிட்டு, ஆராய்ச்சிக்கு நேரம் தராமல் அடுத்த காட்சிக்கு ஓடிவிடுகிறது. 'இது கதைதானே' என்று பின்னர்க் கூறுவது, கபராகச் சொல்லிவிட்டு, வினவப்பட்டதும் இன்ஷா என்று ஒளிந்துகொள்வதாகும்.

மூவகைக் கேட்போர்

செய்தியைக் கேட்போரையும் அந்நூலார் மூவகைப்படுத்தினர். செய்தியைப் பற்றி ஏதும் அறியாத வெற்றுள்ளத்தார் ஒருவகை. அவரைக் காலித் திஹ்ன் என்பர். ஐயுறுவோர் மற்றொரு வகை, அவர் முதரத்தித். மறுப்போர் மூன்றாம் வகை, அவர் முன்கிர். வெற்றுள்ளத்தாரிடம் செய்தியை வெறிதே சொன்னால் போதும். ஐயுறுவோரிடம் ஓர் உறுதிச்சொல் சேர்ப்பது நன்று. மறுப்போரிடமோ ஆணையிட்டும் அழுத்தியும் கூறியே ஆகவேண்டும். சொல்வோன் அழுத்தத்தை அளந்து இடுவதே சொல்வன்மை.

'விஸ்வரூபம்' கண்ட கோவில்பட்டி அவையில் மூவரும் இருந்தனர். ஆப்கானிஸ்தானம் எங்கே உள்ளது என்றறியாத, முஸ்லிம் வீட்டுத் திண்ணையில் ஒருநாளும் அமர்ந்திராத இளைஞர்கள் முதல்வகை. பலகாலம் அயல்வீட்டாராக வாழ்ந்து, 'இவர்களுள் இப்படியும் இருப்பார்களோ' என்று ஒரு கணம் ஐயுற்றவர்கள் இரண்டாம் வகை. எம்மைப் போன்றோர் மூன்றாம் வகை. படமோ மறுப்போரிடம் பேசுவதுபோல் எல்லாரிடமும் பேசிற்று. தொழுகையும் கொலையும், ஓதலும் குருதியும் அடுத்தடுத்து வரும் காட்சிகள் உறுதிச்சொல்லின்மேல் உறுதிச்சொல்லாக அடுக்கப்பட்டன. வெற்றுள்ளத்தில் இவ்வளவு அழுத்தம் விழுந்தால் என்ன ஆகும்? மழை பெய்த கரிசலில் நடந்தவன் காலில் மண் அப்பிக்கொண்டு வீடுவரை வருவதைப்போல, செய்தியும் ஒட்டிக்கொண்டு வரும். கழுவ நெடுநேரம் ஆகும்.

இங்கே நடுவுநிலை தவறுதல் கூடாது. இப்படத்தின் தலைவனே ஒரு முஸ்லிம்; தொழுகையாளி; நாட்டுக்காக உயிரைப் பணயம் வைப்பவன். முஸ்லிம்களை இழிவுபடுத்தவே எடுத்த படம் என்று கூறுவது அறமாகாது. கிடங்கு ஒன்றில் கட்டுண்டு நடுங்கிநின்ற நடன ஆசிரியர், இறைவனை வேண்டிக்கொண்ட மறுகணமே சிலிர்த்தெழுந்து எதிரிகளை வீழ்த்துகிறாரே, அக்காட்சியில் அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த எம் தெரு இளைஞர்களும் ஏனைய இளைஞர்களும் ஒன்றாகவே சீழ்க்கையடித்தனர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையை வைத்து, அது தோன்றும் நிலைக்களன்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஒன்று மற்றொன்றாய் மாறும் ஆக்கம் ஆகிய நான்கைக் கூறுகிறார். கிடங்குக் காட்சியில் மக்கள் கண்டது ஆக்கம். அவ்வொரு நிமிடத்தில் ஒற்றர் கதை வீரன் கதையாகிவிட்டது. கபர் மறைந்து தமன்னீ நின்றது. அவையும் ஒன்றாயிற்று.

விளக்குகள் எரிந்தபின்தான் அவை பிரிந்தது. தொல்காப்பியர் அச்சத்துக்கும் நான்கு நிலைக்களன் கூறினார்: தெய்வம், விலங்கு, கள்வர், அரசன். ஒற்றர் கதைக்கு அச்சமே மூலப்பொருள். அச்சத்துக்கோ ஒரு முகம் வேண்டும். ஐந்தாம் நிலைக்களனாக ஒரு சமுதாயத்தின் தாடியும் தொப்பியும் சேர்க்கப்பட்டால், அத்தாடியும் தொப்பியும் உடையவன் சீழ்க்கையடித்த வாயோடு வெளியே வந்ததும் தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறான். 'விஸ்வரூபம்' ஒன்றோடு இது முடிந்ததுமன்று. 2022 ஏப்ரல் 13இல் வெளியான 'பீஸ்ட்' என்னும் படத்தைக் குவைத், கத்தார் நாடுகள் திரையிட இசையாதபோதும் இதே வழக்கே எழுந்தது.

சலாமியாவும் மதுரையும்

கமல்ஹாசன் 1986ஆம் ஆண்டிலும் ஒற்றராக நடித்தார். சுஜாதா எழுத்தில் உருவான 'விக்ரம்' அது. களவுபோன ஏவுகணையைத் தேடி ஒற்றன் செல்லும் நாடு சலாமியா. பெயரில் ஸலாம் ஒலித்தாலும் அப்படியொரு நாடு எந்தப் படத்தாளிலும் இல்லை. மன்னன், மொழி, வழக்கம் எல்லாம் கற்பனை. அப்படத்தைப் பார்த்த எவரும் 'சலாமியாக்காரன் எங்கள் தெருவில் இருந்தானா' என்று தந்தையைக் கேட்டிருக்க முடியாது. ஒரே நடிகர், ஒரே தொழில். நாட்டின் பெயர் மாறியதும் இன்ஷா கபராயிற்று.

'விஸ்வரூப'த்தில் உமர் தமிழ் பேசுகிறான். ஆப்கானியனுக்குத் தமிழ் எவ்வாறு தெரியும்? கோவையிலும் மதுரையிலும் தங்கியிருந்தவன் என்பது கதையின் விடை. எதிர்ப்பாளர்கள் சுட்டிய இடங்களுள் இது ஒன்று. சிறுவனின் வினா பிறந்ததும் இங்கேதான்.

தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைப் பிரித்தோதினார். கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவர் வரலாற்றை 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்று திரையில் கண்ட இச்சீமை மக்கள், ஜாக்சன் துரை செந்தமிழில் வரிகேட்டதைக் கண்டு, 'துரை எந்தப் பள்ளியில் தமிழ் படித்தார்' என்று கேட்டதுண்டா? கேட்கவில்லை. அவர் தமிழ் பேசுவது நாடக வழக்கு என்பதை எழுத்தறியாத கிழவியும் உணர்ந்திருந்தாள். உமரும் காரணமின்றியே தமிழ் பேசியிருக்கலாம். அவை அதனை மன்னித்திருக்கும். நாடக வழக்கே போதுமான இடத்தில் உலகியல் காரணம் தேடப்போய், இரு நகரங்களின் பெயர் கபருக்குள் வந்து விழுந்தது. பகையினால் நேர்ந்த பிழை என்பதைவிட, கலைப்பிழை என்பதே பொருந்தும். ஆயினும் கலைப்பிழைக்கும் விலை உண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் கலைஞர் அல்லர்.

கோவை என்னும் பெயர் வெறும் பெயரும் அன்று. 1997 இறுதியில் அந்நகரில் நிகழ்ந்த கலவரத்தில் முஸ்லிம்கள் பலர் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14ஆம் நாள் தொடர் குண்டுவெடிப்புகளில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவ்விரண்டையும் மறைத்துப் பேசுவது நம் மரபன்று. அத்தகைய புண்ணுள்ள ஊரின் பெயரை, ஒரு பாத்திரம் தமிழ் பேசுவதற்குச் சாக்காக எடுத்தாண்டதே நம் குறை.

அண்ணாந்து பார்த்தோர்

இனி 'மாவீரன்' கண்ட அவைக்கு வருவோம். அக்குரல் கேட்கும்போதெல்லாம் சத்யா அஞ்சி அண்ணாந்து பார்ப்பான். அவன் பார்க்கும்தோறும் அரங்கம் சிரித்தது. மறுநாள் எம் பள்ளியில் பாடம் மறந்த மாணவன் ஒருவன் விடைக்காக முகட்டைப் பார்க்க, வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். அடுத்தவர் குரலில் வீரனாவதற்கு எல்லாரும் ஏங்குகின்றோம்போலும்.

ஆனால் நாம் கருதிச்செல்வது வேறொரு சிரிப்பு. கதவின் கைப்பிடி கையோடு வருவதும், சுவரின் பூச்சு உதிர்வதும், பூசிப்பூசி ஒருவர் ஒட்டுப்போடுவதும் திரையில் வந்தபோது பெண்கள் பகுதியிலிருந்து எழுந்த சிரிப்பு, நகைச்சுவைக்குச் சிரித்த சிரிப்பன்று. அடையாளம் கண்டுகொண்ட சிரிப்பு. 2021 ஆகஸ்ட்டில் சென்னைப் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் தொட்ட இடமெல்லாம் பூச்சு உதிர்ந்த செய்தியை நாளிதழில் படித்தது நம் நினைவுக்கு வந்தது. படம் அந்த இடத்தின் பெயரைக் கூறவில்லை. எவ்வூரையும் குற்றவாளியாக நிறுத்தவுமில்லை. பெயர் கூறாமையாலேயே அது எல்லா ஊர்க்கும் பொருந்திற்று. கோவில்பட்டிப் பெண் தன் வீட்டைக் கண்டாள்.

இங்கேதான் நம் இலக்கணம் ஒரு சுவையான திருப்பத்தைக் காண்கிறது. செய்தி என்று வந்த ஒற்றர் கதையில் இம்மக்கள் வாழ்வைப் பற்றிய மெய்ச்செய்தி ஒன்றும் இல்லை. ஏக்கம் என்று வந்த வீரன் கதைக்குள்ளோ சரியான செய்தி ஒன்று பொதிந்திருந்தது. வானத்துக் குரல் பொய் என்று அப்பெண்கள் அறிவர். உதிரும் சுவர் மெய் என்றும் அறிவர். பொய்யைப் பொய்யென்று ஒப்புக்கொண்ட கதையை நம்பி அவர்கள் தம் மெய்யைப் பேசினர். 'மனுக் குடுப்பமா' என்ற மூத்தவளின் சொல், லைத்த என்பதினின்றும் லஅல்ல என்பதற்கு வந்த சொல். தமன்னீ தரஜ்ஜீயாக மாறிற்று. அம்மனுவால் அவர்கள் சுவர் நின்றதா என்பது கலையின் கணக்கில் வாராது; கேட்கலாம் என்று தோன்றியதே கலையின் பயன்.

இதனால் வீரன் கதைகள் யாவும் நல்லன, ஒற்றர் கதைகள் யாவும் தீயன என்று நாம் கூறுவதாகக் கொள்ளற்க. 'மாவீர'னிலும் குறை உண்டு. அமைப்பின் ஊழலை ஓர் அமைச்சரின் தீமையாகச் சுருக்கி, அவரை வீழ்த்தியதும் நீதி நிலைத்ததாகக் காட்டுவது எளிய வழி. திருவள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓரதிகாரமே வகுத்தார் என்பதும், ஒற்றரைப் பற்றி நல்ல கதை எழுத இடமுண்டு என்பதற்குச் சான்று. நாம் கூறுவது இவ்வளவே: உண்மைப் பெயர்களை எடுத்தாளும் கதை செய்தியின் கடமையையும் உடன் ஏற்கவேண்டும். அக்கடமை வேண்டாதவர்க்குச் சலாமியாவின் வாயில் என்றும் திறந்தே இருக்கிறது.

நம்மீதே ஒரு திறனாய்வு

கலைஞரிடம் கடமை கேட்ட நாம் நம் கடமையைச் செய்தோமா? இவ்வினாவைத் தவிர்த்து இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

2013 ஜனவரியில் எம் தெருவில் ஒரு முறையீட்டுத் தாள் சுற்றி வந்தது. படத்தைத் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். நாமும் கையொப்பமிட்டோம். படத்தை நாம் பார்த்திருக்கவில்லை, பார்த்தவரையும் பார்த்திருக்கவில்லை. பார்த்தவரிடம் கேட்டவர் சொன்னதைக் கேட்டோம். செய்தி ஒன்று வந்தால் அதனைத் தெளிந்தறிந்த பின்னரே செயற்படுக என்னும் கட்டளை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் உள்ளது. அதனை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கவுரையுடன் ஓதிக்கொடுப்பவர் நாம். இஸ்னாது இல்லாத கபரைப் படம் சொல்கிறது என்று குறைகூறும் நாமே, இஸ்னாது இல்லாத கபரை நம்பிக் கையொப்பமிட்டோம்.

அதன் விளைவும் நோக்கத்தக்கது. மதுரை, கோவை என்னும் சொற்கள் திரையில் ஒருமுறை ஒலித்து மறைந்திருக்கும். மேடைகளிலும் தேநீர்க்கடைகளிலும் இரண்டு வாரம் நாம் எழுப்பிய முழக்கமே அவற்றை ஊரறியச் செய்தது. அச்சிறுவன் அதனைத் திரையில் கேட்குமுன்பே தெருவில் கேட்டிருந்தான். மேலும், படத்தைத் தடுக்கவேண்டும் என்று கேட்டபோது, பார்ப்போர் அனைவரும் வெற்றுள்ளத்தார் என்று நாம் தீர்ப்புக் கூறிவிட்டோம். நம்மோடு சேர்ந்து சீழ்க்கையடித்த அயல்வீட்டு இளைஞனின் அறிவை நாம் மதிக்கவில்லை. மறுப்போன் கபருக்கு மறுமொழி சொல்லவேண்டும்; அதற்கு வாயில்லாதபோதுதான் கதவை அடைக்கத் தோன்றுகிறது.

நம்மிடையே மறுமொழி கூற ஆளில்லையா? எட்டயபுரம் இங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தொலைவே. அறபு நாட்டில் நிகழ்ந்ததைத் தமிழ்நாட்டு மலையும் வயலும் மணக்கப் பாடிய 'சீறாப்புராணம்' செய்த உமறுப்புலவர் அடங்கியிருப்பது அவ்வூரில்தான். அயலார்க்கு நம்மைப் பற்றிச் சொல்ல அவர் முறையீடு எழுதவில்லை. ஒரு காப்பியம் எழுதினார். இன்று கரிசல் முஸ்லிமின் வீட்டை, அவன் தீப்பெட்டிக் கூலியை, அவன் கடனை, அவன் நகைச்சுவையைச் சொல்லும் படம் எத்தனை? அவை வாராதவரை வெற்றுள்ளத்தை நிரப்புவது உமர்களின் வேலையாகவே இருக்கும்.

'மாவீரன்' பார்த்த நாளன்று நம்முடன் வந்தவன் அந்தச் சிறுவனே. இப்போது அவனுக்கு இருபது வயது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். திரும்பி நடக்கையில், "முன்பு ஒரு படம் பார்த்துவிட்டு உன் அத்தாவிடம் ஒன்று கேட்டாயே, நினைவிருக்கிறதா?" என்றோம். "இருக்கு ஹஜ்ரத். அத்தா பதில் சொல்லல. அதனாலதான் மறக்கல" என்றான். சற்று நேரம் கழித்து, "நீங்களும் பின்னாலதான் வந்தீங்க" என்றான்.

அவ்விடையைப் பத்தாண்டு தாழ்த்தியேனும் கூறுவது நம்மீது கடன். இல்லை, தம்பி, அவன் உன் மாமா வீட்டருகே இருந்தவன் அல்லன், மதுரையில் எத்தெருவிலும் இருந்தவன் அல்லன். கதை செய்தவருக்கு அவன் தமிழ் பேசவேண்டியிருந்தது. அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. கைக்கெட்டிய பெயரை எடுத்தார். அது செய்தியன்று. உன் மாமா வீட்டுப் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது உனக்கே தெரியும். அதனைக் கேட்பவர்க்கு நீ சொல். சொல்ல வேண்டிய அன்று நாம் சொல்லாது நடந்தோம். நீ அவ்வாறு நடவாதே.